எட்டாங்கட்டு

மீனாளைப் பெண் பார்க்க யாராவது வந்தால் அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு கட்டு கூடிவிடும். கொத்தனார் வருவதில்லை, சுண்ணாம்பு குழைப்பதில்லை. காலையில் எழுந்து பார்த்தால் இருக்கும். ஒரு முற்றம், நாலு தூண், ஒரு அறை. அறைக்கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருக்கும்.

மீனாளின் அக்கா உமையாள் அங்கே போய் இருந்துகொள்ள வேண்டும். சின்ன வயதில் போலியோ வந்து அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோல் வைத்து நடப்பாள். இதற்காக ஒரு வீடே இத்தனை பாடுபட வேண்டுமா என்று கேட்டால், அவளைப் பெற்ற அப்பச்சி கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்.

முதல் தடவை மூன்றாங்கட்டில் இருந்தாள். போன மாதம் ஏழாங்கட்டு. அங்கிருந்து முன்கட்டுக்குத் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இன்றைக்கு எட்டாங்கட்டு முளைத்திருந்தது. போனால் திரும்பி வர முடியுமா என்று உமையாளுக்குத் தெரியவில்லை.

"இந்தத் தடவ நான் சொல்லிருவேன் ஆச்சி," என்று மீனாள் அக்காவின் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள். "எனக்கு ஒரு அக்கா இருக்கான்னு சொல்லிட்டா, ஒன்னைய வெளிய விட்டுத்தானே ஆகணும்?"

ஆத்தா வந்து ஊன்றுகோலின் அடியில் பழைய சேலைத் துணியைச் சுற்றிக் கட்டினாள். தரையில் சத்தம் கேட்கக் கூடாதாம்.

"கொஞ்ச நேரந்தான்டி."

"பேங்குல என்னைய மேனேஜர்னு கூப்பிடுறாக ஆத்தா."

"அது பேங்கு. இது வீடு."

எட்டாங்கட்டு அறைக்குள் உமையாள் போனதும் வெளியே தாழ் விழுந்தது.

அந்த வீட்டில் ஒரு குணம். கட்டு எவ்வளவு தூரம் போனாலும் பேச்சு பக்கத்திலேயே கேட்கும். மாப்பிள்ளையின் தாயார் மீனாளை நடக்கச் சொன்னது கேட்டது. திரும்பச் சொன்னாள். பல்லைக் காட்டச் சொன்னாள். காலண்டரை வாசிக்கச் சொல்லிக் கண்ணைச் சோதித்தாள். மாப்பிள்ளை முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"கூடப் பொறந்தவுக?"

அப்பச்சி தொண்டையைச் செருமினார்.

"எனக்கு மூத்தவுக ஒருத்தர் இருக்காக," என்றாள் மீனாள். "உமையாள் ஆச்சி. உள்ள இருக்காக."

அட என் தங்கமே! உமையாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

முன்கட்டில் யாரும் கோபப்படவில்லை.

"பொண்ணுக்கும் காலு இழுக்குதே," என்றாள் தாயார். "இப்பத்தான் கவனிச்சேன்."

"அப்படியா," என்றார் அப்பச்சி. "நான் கவனிக்கல."

காலடிச் சத்தம் பின்பக்கம் வந்தது. இரண்டாங்கட்டில் சீராக இருந்தது. ஐந்தாங்கட்டில் ஒரு கால் தேய்ந்தது. தாழ் திறந்தது. பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, மீனாள் இடது காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கூடவே ஆத்தாவும் துணியோடு வந்தாள். குனிந்து மீனாளின் பாதத்தில் அதைச் சுற்றினாள்.

"ஒனக்கு எதுக்குடி இந்த வாயி?"

அப்போது முன்கட்டில் தாயாரின் குரல் கேட்டது. "பொண்ணோட ஆத்தாவுக்கு முழங்கால் வலியோ? உக்காந்து எந்திரிக்கையில பாத்தேன்."

ஆத்தா பதறிப்போய்த் திரும்பினாள். கதவு சாத்தியிருந்தது.

"என்னங்க, நானும் உள்ளதான் இருக்கேன்!"

"கொஞ்ச நேரந்தான்," என்று வெளியிலிருந்து அப்பச்சி சொன்னார்.

அவர் முன்கட்டுக்குப் போய்ச் சேர நேரமே ஆகவில்லை. "எங்க வீட்டுல குறைன்னு ஒண்ணுமே கிடையாது," என்றார். "பொம்பளைகளே கிடையாது."

"ரொம்பச் சந்தோசம்," என்றாள் தாயார். "இந்த மாதிரி எடத்தத்தான் தேடிக்கிட்டிருந்தோம்."

உமையாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊன்றுகோலின் துணியை அவிழ்த்து எறிந்தாள். கதவில் ஓங்கி இடித்தாள். மீனாளும் பாதத்துத் துணியைப் பிய்த்துப் போட்டுவிட்டு உதைத்தாள். ஆத்தா கொஞ்சம் தயங்கினாள். பிறகு அவளும் வளையல் நொறுங்கத் தட்டினாள்.

கை ஓய்ந்து நிறுத்தினார்கள். பின்சுவருக்கு அப்பாலிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள். ஒருவர் இல்லை. நிறையப் பேர். வளையல் சத்தமும் கேட்டது.

"இதுதானே கடைசிக் கட்டு?" என்றாள் மீனாள்.

"நான் வாக்கப்பட்டு வந்தப்ப ரெண்டாங்கட்டத்தான் கடைசின்னாக," என்றாள் ஆத்தா.

உமையாள் சுவர்ப்பக்கம் திரும்பி மறுபடி இடித்தாள். இந்தத் தடவை வீடே அதிர்ந்தது.

"அது என்ன சத்தம்?" மாப்பிள்ளையின் தாயார் குரல் நடுங்கியது.

"வீடு வளருது," என்றார் அப்பச்சி. "பயப்படாதீக. ஒங்களுக்கும் எடம் இருக்கும்."