ஐம்பத்தெட்டு மார்க்

கல்லூரி அதிகாரி அன்பரசி மூன்றாவது விடைத்தாளைப் புரட்டிவிட்டு மறுபடியும் முதல் தாளுக்கே போனபோது உமாதேவி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். தானா ராத்தா மலையூரில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில், ஈப்போவிலிருந்து வந்திருந்த கல்லூரிக்காரர்கள் ஆள் சேர்க்க மேசை போட்டிருந்தார்கள். ஐந்து மணிக்குக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடிகாரம் நாலேகாலைத் தாண்டியிருந்தது.

"எஸ்பிஎம் பரீட்ச ரிசல்ட் வர இன்னும் நாளிருக்கு அக்கா. அதுவரைக்கும் ஸ்கூல் பரீட்ச மார்க்க வச்சித்தான் சீட்டு குடுப்போம். இவங்க வீட்டுல படிச்சவங்க, அதான் பேப்பரையே கேட்டோம். எழுபதாச்சும் வேணும்லா. இங்க ஐம்பத்தெட்டு, ஐம்பத்தஞ்சு... அறுபதயே தாண்டல."

பக்கத்தில் ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள். பதினேழு வயதுப் பெண். மருந்தாளர் டிப்ளோமா படிக்க ஆசை என்பதையே போன மாதம்தான், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவளைப் போல, தாயிடம் சொன்னாள். "எனக்கெல்லாம் கெடைக்காதும்மா. சும்மா கேட்டுப் பாக்கலாம்" என்று அதற்கொரு வாலையும் சேர்த்துக்கொண்டாள்.

அந்த மார்க்கையெல்லாம் போட்டவள் சாட்சாத் உமாதேவிதான். பகலெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டிவிட்டு வந்து, தான் பள்ளியில் படிவம் ஐந்து வரை படித்த படிப்பைத் தூசு தட்டி, மகளுக்கு ஒரு பாடம் முன்னதாகத் தானே படித்து, சொல்லிக்கொடுத்து, பரீட்சையும் வைத்தவள்.

ஆறாம் ஆண்டில் ரூபினியைப் பள்ளி மேடையில் ஏற்றி மாலை போட்டார்கள். தோட்டத்து லயன் வீடுகளில் எல்லார் வாயிலும் அவள் பேர்தான். அந்த வாரமே பிள்ளைக்கு முதல் வலிப்பு வந்தது. டாக்டர் நரம்புக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார். உமாதேவி மாத்திரையையும் கொடுத்தாள், மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அடுத்த வருஷம் வகுப்பில் விழுந்தவளைப் பிள்ளைகள் போனில் படமெடுத்துச் சிரித்தார்கள். அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அதற்குப் பிறகு உமாதேவி மகளை ஒரு வார்த்தை மெச்சியதில்லை. யார் கேட்டாலும், "ஏதோ படிக்குதுலா" என்பாள். தொண்ணூற்றாறு வாங்கிய தாளிலும் ஐம்பத்தெட்டு என்றே எழுதினாள். மூன்று வருஷமாக வலிப்பு வரவில்லை. மாத்திரையாலா, மார்க்காலா என்று சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எந்தத் தாய்க்கு உண்டு?

"அக்கா, இந்தக் கணக்கு சரியாத்தான இருக்கு? எதுக்கு வெட்டுனீங்க?" என்றாள் அன்பரசி.

உமாதேவி தாளை எட்டிப் பார்த்தாள். கையெழுத்து சரியில்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம். சமாளித்தால் சீட்டு போய்விடும். உண்மையைச் சொன்னால், அதுவும் பிள்ளையின் காது கேட்க, நாலு பேர் நடுவில் சொன்னால்?

"சரிதான் மிஸ்."

"எது சரி?"

"எல்லாமே சரிதான். நாந்தான் கொறச்சிப் போட்டேன். கண்ணு பட்டுரும்னு."

அன்பரசி சிரிக்கவில்லை. தாள்களை மெல்ல இந்தப் பக்கம் நகர்த்தி, மேல் ஒரு பேனாவை வைத்தாள். "சரியான மார்க்கப் போட்டு, பக்கத்துல கையெழுத்து வச்சிக் குடுங்க. எங்க லெக்சரரும் உள்ள இருக்காரு, திருத்திப் பாப்பாரு. அஞ்சு மணிக்குள்ள முடிச்சிரலாம்."

ரூபினி தாள்களைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விரலால் தன் விடைகளை வரிவரியாகத் தடவினாள்.

"அஞ்சு வருசம்மா" என்றாள். "நான் மக்குன்னே நெனச்சிக்கிட்டிருந்தேன்."

உமாதேவி பேனாவை எடுத்து, மேல் தாளில் இருந்த ஐம்பத்தெட்டை அடித்தாள். ஒன்பது என்று எழுதினாள். ஆறு எழுதும்போது அவள் கண் தாளில் இல்லை. மகளின் வாயோரத்தில் இருந்தது. வலிப்பு எப்போதும் அங்கேதான் முதலில் தொடங்கும்.

ரூபினியின் உதடு துடித்தது. அழுகையா, மற்றதா என்று தெரியாமல், கையெழுத்துப் போடாத பேனாவோடு உமாதேவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.