ஞானசிகாமணி கொடுக்காத கன்றுகள்

1

களக்காட்டுக்குக் கிழக்கே உள்ள அந்த ஊரில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று உண்டு: வாழைக்கன்று கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது.

ஆனால் இக்கதை அந்த விதியிலிருந்து பிறக்கவில்லை. பாடபேதம் பற்றி நான் எழுதி முடிக்காத கட்டுரையிலிருந்து பிறந்தது. ஒரு நூலின் பிரதிகள் பல ஊர்களில் கிடைத்தால், அது முதலில் கிளம்பிய இடத்தை எப்படி அறிவது? இதைப் பேருந்தில் புலம்பியபோது பக்கத்து இருக்கைப் பெண், "நாங்களும் அதத்தான் செய்யுதோம், வைரஸ வச்சு" என்றாள். (அவள் விளக்கியதில் பாதி மறந்துபோயிற்று. மறந்த பாதியை இட்டு நிரப்பியதே கதை.)

2

முதல் தொடக்கம்: "பொதிகையின் மேல் முகில்கள் கவிந்த அந்த—"

வேண்டாம். மலையில் தொடங்கினால் வாழைக்கு இறங்கி வரப் பத்துப் பக்கமாகும்.

இரண்டாவது: "ஞானசிகாமணி நல்லவர்." இது நிற்கட்டும்.

ஞானசிகாமணி நல்லவர், கைராசிக்காரர் என்று பெயரெடுத்த விவசாயி. கன்று கேட்டு வருவோருக்கு, இலை ஒடுங்கி ஈட்டிபோல் நிமிர்ந்த கன்றுகளாகத் தேர்ந்து கொடுப்பார். அகன்ற இலைச் சவலைகளைத் தமக்கு வைத்துக்கொள்வார். உச்சியில் இலைகள் கொத்தாகக் குவிந்து, குலையே தள்ளாமல் மரம் நின்றுவிடும் முடிக்கொத்து நோய் பரவத் தொடங்கியபோதும் இதையே செய்தார். நோய் தொற்றிய கன்றுக்கும் இலை ஒடுங்கி நிமிர்ந்துதான் நிற்கும் என்பதை அவர் அறியவில்லை.

3

அவருடைய தம்பி மகள் ரீபா ஆய்வு மாணவி. பன்னிரண்டு தோட்டங்களில் இலை சேகரித்துச் சோதித்துவிட்டு வந்தாள். (முதல் வரைவில் இவள் இரண்டு பக்கம் விரிவுரை ஆற்றினாள். வெட்டிவிட்டுப் பேருந்துப் பெண்ணின் குரலைக் கொடுத்தேன்.)

"பெரியப்பா, மத்த பதினோரு தோட்டத்துலயும் ஆளுக்கு ஒரு வகை வைரஸ்தான். ஒங்க தோட்டத்துல மட்டும் அஞ்சு வகை. அவங்கள்ளது எல்லாம் அந்த அஞ்சுக்குள்ள அடங்கிருது."

"அப்போ நம்ம தோட்டந்தான் செழிப்புன்னு சொல்லு."

"ரொம்ப வருசமா இங்கன குடியிருக்குன்னு சொல்லுதேன்.* இங்கருந்துதான் போயிருக்கு."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"நல்லதாப் பாத்துல்லா கொடுத்தேன், பிள்ள!"

"அதான் பெரியப்பா வினை."

* வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது பிழை செய்யும். நெடுநாள் இருந்த இடத்தில் பிழைகள் பெருகி வகைகள் கூடும். என் மேசையில் இக்கதைக்கு ஐந்து வரைவுகள் கிடக்கின்றன. உங்களிடம் ஒன்றே வந்திருக்கிறது.

4

மேலப்பாளையத்து உமர் பாரூக் பதினெட்டு ஆண்டுகள் சவூதியில், தம்மாமில், லாரி ஓட்டிய உழைப்பை இரண்டு ஏக்கராக மாற்றியிருந்தார். மறுநாள் காலை கன்றுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

முடிவு (அ): ஞானசிகாமணி கொடுத்துவிடுகிறார். அந்த இரண்டு ஏக்கரும் குலை தள்ளாமல் நிற்கிறது. எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை.

முடிவு (ஆ): "கன்னு தீந்துபோச்சு" என்று பொய் சொல்கிறார். பெயர் பிழைக்கும். ஆனால் பாரூக் அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்கேயும் ஞானசிகாமணியின் கன்றுதானே?

முடிவு (இ) என்னிடம் முழுதாக இல்லை. மறுநாள் டீக்கடையில் ஞானசிகாமணி பேசியது வரைக்கும் எனக்குக் கேட்டது. அதன்பின் கடையில் யார் முதலில் வாய்திறந்தார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கேட்டாலும் தருவதாக இல்லை.

5

சங்கிலிபூதத்தானின் டீக்கடை. பெஞ்சில் அந்தப் பதினோரு தோட்டக்காரர்களில் நால்வர். லோடு ஆட்டோவிலிருந்து பாரூக் சிரித்தபடி இறங்கினார்.

"அண்ணாச்சி, அல்லா கிருபைல உழுது போட்டாச்சு. ஒங்க கையால கன்னு தந்தா போதும்."

"அண்ணாச்சி கை பட்டா மாடு கட்டுத மொளக்குச்சி கூடத் தார் தள்ளும் வே!" என்றார் சங்கிலிபூதத்தான்.

பெஞ்சு சிரித்தது. ஞானசிகாமணி எழுந்தார்.

"தரமாட்டேன் வே."

பாரூக்கின் சிரிப்பு பாதியில் நின்றது.

"என் தோட்டத்துல சீக்கு. இந்தா இருக்காவளே, இவ்வளவு பேருக்கும் நாந்தான் கொடுத்துருக்கேன். இந்த ஊர்ல எவங்கிட்டயும் வாங்காதேயும். கன்னுதான் கெடையாது, டீ உண்டு. உக்காரும்."