திரும்பிப் பார்க்கக் கூடாத நடை

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மாதா திருவிழாவுக்கு அந்த வருஷம் லியோனிலாவை எர்மானாவாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சந்தையில் கருவாடு விற்கிறவள்! எர்மானா என்றால் சும்மாவா? ஊருக்கே விருந்து வைப்பவள் அவள்தான். மெழுகுவர்த்தி ஏந்தித் தேருக்கு முன்னால் அவள் நடக்க, ஊரே பின்னால் வரும். கோயிலுக்குத் திரும்பும்வரை அவள் பின்னால் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஊருக்கு ஆகாது. அந்த நடைக்காகவே அன்னாசி நார்த் துணியில் உடுப்புத் தைத்துப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தவள் நான், யூபேமியா.

திருவிழாவுக்கு முந்தின வாரம் புயல் அடித்தது. கடலோரக் குடிசைகள் அத்தனையும் போயின. சனங்கள் பள்ளிக்கூடத்தில் ஒண்டிக்கொண்டார்கள். லியோனிலா விருந்துக்கு வைத்திருந்த பன்றிகளை வெட்டி, கஞ்சியில் போட்டு அவர்களுக்கு ஊற்ற ஆரம்பித்தாள்.

"விருந்தே கிடையாதாம்! இவல்லாம் ஒரு எர்மானாவா?" என்று தெருத்தெருவாக மூட்டிவிட்டேன்.

"உங்கிட்டதான் பெரிய அண்டா இருக்கே, குடுத்தா என்னவாம்?" என்றாள் பக்கத்து வீட்டு ப்ரிமிடிவா.

"ஏன், என் மானத்தையும் சேத்துக் குடுக்கட்டுமா?" என்று கதவைச் சாத்தினேன்.

திருவிழாவன்று காலையில் லியோனிலாவே வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் கரி.

"அக்கா, அடுப்ப விட்டு நகர முடியல. எனக்குப் பதிலா நீங்க நடங்களேன்."

"ஏன், கால் சுளுக்கிக்கிச்சா?"

"நடக்கணும்னு உங்களுக்குத்தானேக்கா ஆசை. எனக்கு அந்தப் புள்ளைங்க சாப்ட்டாப் போதும்."

குத்திக்காட்டுகிறாளா, மெய்யாகவே சொல்கிறாளா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். ஆனாலும் என் வாய் "சரி" என்றுவிட்டது.

நடந்தேன். உடுப்பு இடுப்பைப் பிடித்தது, பிடிக்கட்டும். பாண்டு வாத்தியம் முழங்கியது. ஊரே என் பின்னால்! பள்ளிக்கூடத் தெருமுனையைத் தாண்டியதும் பாட்டுச் சத்தம் குறைந்தது. கொஞ்ச தூரத்தில் செபம் சொல்கிற குரல்களையும் காணோம். கடைசியில் ஒற்றை மேளம்தான் கேட்டது. திரும்பக் கூடாது, திரும்பக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை. திரும்பினேன்.

தேர் தள்ளுகிறவர்கள், பாதிரியார், ஒரு மேளக்காரன். அவ்வளவுதான்.

"எல்லாரும் எங்க, சாமி?"

"அங்க கஞ்சி ஊத்த ஆள் பத்தலையாம்மா. யாரும் கூப்பிடல, அவங்களாவே போயிட்டாங்க" என்றார் பாதிரியார், என் கண்ணைப் பார்க்காமல்.

லியோனிலா யாரையும் கூப்பிடக்கூட இல்லை. பாவி, கூப்பிடாமலே போயிருக்கிறார்கள்! முன்னால் நடக்க வேண்டும், நடக்க வேண்டும் என்று இத்தனை வருஷம் துடித்தேனே, எங்கே கூட்டிப்போவது என்று ஒருநாளாவது யோசித்தேனா?

"தேரைத் திருப்புங்க."

"எங்கம்மா?"

"பள்ளிக்கூடத்துக்குத்தான். மாதா மட்டும் இங்க தனியா நின்னு என்ன பண்ணுவா?"

அங்கே லியோனிலா சின்னச் சின்னச் சட்டிகளில் மாற்றி மாற்றிக் கிண்டிக்கொண்டிருந்தாள். வரிசையில் பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள்.

"ப்ரிமிடிவா, ஆளக் கூட்டிட்டுப் போயி என் அண்டாவத் தூக்கிட்டு வாடி!" என்று கத்தினேன். லியோனிலாவின் கரண்டியைப் பிடுங்கி ருசி பார்த்தேன்.

"என்னடி இது, உப்புமில்ல, இஞ்சியுமில்ல! புள்ளைங்க வாயில வைக்கிறதா வேணாமா?"

அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள். அன்னாசி நார் உடுப்பின் கையைச் சுருட்டிவிட்டு அடுப்பின் முன் நின்றேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அவள் கஞ்சியைவிட என் கஞ்சிதான் நன்றாயிருக்கிறது என்று ஒரு பிள்ளையாவது சொல்ல வேண்டும் என்றுதான் கிண்டினேன்.