மாப்பிள்ளை பின்னால் வருகிறார்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை காரை ரிவர்ஸில் நிறுத்திவிட்டுத்தான் மணமேடை ஏற வேண்டும். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. நான் ஒன்பது பத்துக்கு ரிவர்ஸ் கியர் போட்டேன்.

பத்தரைக்குள் நிறுத்தாவிட்டால் செண்பகவல்லியை அவளுடைய அத்தை மகனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் பஸ் டிரைவர். பட்டு வேட்டியோடு மண்டப வாசலில் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

காலி இடம் இடதுபக்கம், ஒரு வெள்ளை வேனுக்கும் பெண்ணின் பெரியப்பாவுக்கும் நடுவில் இருந்தது. பெரியப்பா போன வாரம் தூணாகிவிட்டார். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருந்தார்கள். பந்தியில் அவருக்கும் ஓர் இலை உண்டு.

“பாத்து வாங்க மாப்ள, எனக்கு முட்டுவலி” என்றார் பெரியப்பா.

காருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்று கை காட்டினார்கள்.

“வரட்டும், வரட்டும்.”

“லெஃப்ட்ல ஒடிங்க.”

“ரைட்ல ஒடிங்க.”

“ஒடிக்காதீங்க.”

யார் மனமும் நோகக்கூடாது என்று எல்லார் சொன்னதையும் செய்தேன். கார் நீளத் தொடங்கியது. ஒன்பதே முக்காலுக்குப் பின்பக்கம் புதிதாக இரண்டு ஜன்னல்கள் வந்திருந்தன. கடைசி சீட்டில் ஒருவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க யாரு?” என்றேன்.

“பொண்ணு வீடு. குலுக்காம ஓட்டுங்க, சாம்பார் சிந்துது.”

மண்டப மேனேஜர் படிவத்தோடு வந்தார். ஒரே கேள்விதான். நீங்கள் வருகிறீர்களா, போகிறீர்களா? இரண்டையும் டிக் செய்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் படிவத்தைக் கிழித்தார்.

பத்தே காலுக்கு அத்தை மகன் மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு சாவி கேட்டார். நான் கதவை உள்பக்கமாகப் பூட்டிக்கொண்டேன். செண்பகவல்லியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்போது அவளே வந்தாள். மாலையும் கூறைப் புடவையுமாகக் காரின் பின்பக்கத்தை இரண்டு தட்டு தட்டினாள். நிறுத்தினேன். காரின் நீளம் முழுக்க நடந்து என் ஜன்னலுக்கு வர அவளுக்கு மூன்று நிமிடம் ஆயிற்று.

“உங்களுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“பொண்ணு பாக்க வந்தப்ப தெரியும்னீங்க.”

“எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க.”

“எறங்குங்க.”

நான் இறங்கியதும் கார் பழைய அளவுக்கு வந்துவிட்டது. மாலையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். வண்டியை முன்னால் எடுத்தாள். பின்னால் வரும்போது, இடது கண்ணாடியில் பெரியப்பாவின் பாதம் தெரிந்த உடனே ஸ்டியரிங்கை முழுக்க இடதுபக்கம் ஒடித்தாள். தரையில் போட்டிருந்த கோட்டுக்கு நேராக வந்ததும் சக்கரத்தை நேராக்கினாள். நாற்பது பேரும் சொன்ன எதையும் கேட்கவில்லை. ஒரே தடவையில் கார் உள்ளே போயிற்று. முதலில் கைதட்டியது அத்தை மகன்தான்.

மணி பத்து இருபத்தாறு. காரை நிறுத்தியவர்தான் மாப்பிள்ளை என்று மேனேஜர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

என்னைப் பெண் அறைக்கு அழைத்துப்போய்ப் பூ வைத்து, தலை குனிந்தபடி நடக்கச் சொன்னார்கள். கெட்டிமேளம் கொட்டியது. செண்பகவல்லி தாலியை எடுத்தாள். நான் கழுத்தை நீட்டினேன். வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தாள்.

“போற எடத்துல அனுசரிச்சு நடந்துக்கோப்பா” என்றாள்.