ஆள் இல்லை

மூன்றாவது தடவையாகவும் அந்தத் தாள் திரும்பி வந்திருந்தது. மூலையில் அதே கையெழுத்து, அதே இரண்டு வார்த்தை: ஆள் இல்லை. நீதிமன்ற எழுத்தர் அதை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நோட்டீஸ் உங்க வீட்டுக்காரர் கைக்குப் போகாம எதுவும் நடக்காதும்மா. இனி அடுத்த மாசந்தான்."

"காலையில இருந்து ஊர் முழுக்கக் காரை ஓட்டிட்டுத் திரியிற ஆளு சார். கார் மண்டையில பேர் எழுதின போர்டு வேற. அவரையா காணோம்?"

எழுத்தர் பேனா மூடியைக் கடித்தார். "நானே அவர்கிட்டதான் வண்டி கத்துக்கிட்டேன். ஒரு நாள் குரல் உசத்தினதில்ல. உக்காந்து பேசிப் பாத்தீங்களா?"

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. அழுது அலுத்துப்போயிருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அவள் புருஷனுக்கு ஊரார் வைத்த பெயர் பொறுமை மாஸ்டர். பிரேக்குக்குப் பதில் கிளட்சை மிதிப்பவர்களிடமும் "பரவாயில்ல, இன்னொருக்கா" என்பான். இருக்கிற பொறுமையெல்லாம் வெளியிலேயே தீர்ந்துவிடும் போல. வீட்டில், துவட்ட எடுத்த துண்டு ஈரமாக இருந்ததற்காக அவளுடைய இடது மணிக்கட்டைத் திருகி உடைத்தான். பிறகு அவனே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஒவ்வொரு திருப்பத்திலும் சிக்னல் போட்டான். ரோட்டைக் கடந்த ஒரு கிழவருக்கு வண்டியை நிறுத்தி வழிவிட்டான். பக்கத்து சீட்டில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வழுக்கி விழுந்துட்டா டாக்டர்" என்று சொன்னதும் அவன்தான்.

எலும்பு கூடிவிட்டது, கை மட்டும் முழுசாக மடங்கவில்லை. பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பவள் என்று பேர் வாங்கியவள், இப்போது இரண்டாம் முறை குத்திவிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். அக்கா வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. ஆறு மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் வாசலில் அவன் கார் நிற்கும். அதைச் சொன்னால், நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுப்பவர், "அஞ்சு மணிக்கு மேல எங்களுக்கு வேலையில்லம்மா" என்பார்.

"நோட்டீஸோட போனாத்தானேடி ஆள் இல்ல? கத்துக்கப் போனா இருப்பான்" என்றாள் அக்கா. அன்றே குரலை மாற்றிப் போன் போட்டு, "எங்க வீட்டுக்காரர் வண்டி கத்துக்கணும்" என்று நேரம் வாங்கினாள். நோட்டீஸ்காரர் பதறினார். "எனக்கு சைக்கிளே தகராறும்மா!" அக்கா விடவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு, பள்ளிக்கு எதிரேயிருந்த ஜெராக்ஸ் கடைக்குள் அக்காவும் தங்கையும் நின்றார்கள். நோட்டீஸ்காரர் காரில் ஏறினார். இதோ கொடுக்கப்போகிறார் என்று பார்த்தால், கார் கிளம்பிப் போயே போய்விட்டது.

"எங்கடி போறாங்க?"

"கத்துக்கப் போறாங்க" என்றாள் அவள், தலையில் கை வைத்துக்கொண்டு.

நாற்பது நிமிஷம் கழித்துக் கார் விக்கிவிக்கி வந்து நின்றது. கண்ணாடி வழியே தாள் கை மாறுவது தெரிந்தது. மாஸ்டர் நிதானமாகப் படித்தான். கையெழுத்துப் போட்டான். சிரித்தபடி ஏதோ சொன்னான். நோட்டீஸ்காரர் இறங்கி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் ரோட்டைக் கடந்து வந்தார்.

"எடுத்ததும் நீட்டினா நல்லாயிருக்காதேன்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. "சிரிச்சுக்கிட்டே சொன்னாரும்மா. 'அவளுக்கு இன்னொரு கை நல்லாத்தானே இருக்கு'ன்னு. எனக்கு மொதல்ல வெளங்கல."

அவர் பார்வை அவளுடைய மணிக்கட்டில் நின்றது. அவள் கையை மறைத்துக்கொள்ளவில்லை. அவர் கடைக்காரரிடம் பேனா வாங்கி, கையெழுத்தான நகலின் பின்பக்கத்தில், கேட்ட வார்த்தையைக் கேட்டபடியே, நேரம் போட்டு எழுதினார். நடுவில் இரண்டு தடவை பேனாவை உதறினார்.

நீதிபதி அந்த வரியை இரண்டு முறை படித்தார். இடைக்காலப் பாதுகாப்பு ஆணை அன்றே கிடைத்தது. தட்டச்சு செய்த எழுத்தர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் ஆணையின் நகலோடு அக்காவும் தங்கையும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். "வெச்சுட்டுப் போங்கம்மா, ஃபைல்ல சேத்துடுறோம்" என்றார் ஏட்டு, வேறு எதையோ எழுதிக்கொண்டே. அவளுக்குள் என்னவோ அறுந்தது.

"ஃபைலை அவரு அடிக்க மாட்டாரு சார். படிங்க. நான் நிக்கிறேன்."

ஏட்டு அவளைப் பார்த்தார். பிறகு தாளை இழுத்து, வரிக்குக் கீழே விரல் வைத்துப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"அக்கா வீடு, வேலை செய்யிற இடம், நூறு மீட்டருக்குள்ள வரக்கூடாது... நூறு மீட்டர்னா எதுவரைக்கும் வரும்?" என்று தனக்குத்தானே கேட்டபடி வாசலைப் பார்த்தார். "அந்த மருந்துக்கடை வரைக்கும் இருக்குமா?"

"அதுக்கும் மேலயே இருக்கும்" என்றாள் அக்கா.

அவள் படியிறங்கினாள். உச்சி வெயில். சுவரோரமாக, ஒரு எட்டுக்கு ஒரு மீட்டராகக் காலை எட்டி வைத்து, வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். மருந்துக்கடை வந்தது, போனது. அவள் நிற்கவில்லை. ஏட்டு தாளும் கையுமாக வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.