முக்கால் சாண் குச்சி

மக்காச்சோள மூட்டைகளுக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில் மாரிச்செல்வி துப்பாக்கியைத் தள்ளினாள். பாதிக்கு மேல் போகாமல் அது எதிலோ முட்டிக்கொண்டு நின்றது. முழங்காலால் ஒரு மூட்டையை நெம்பி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டையின் மேல் ஒரு காலிச் சாக்கை இழுத்துப் போட்டாள்.

“ஏத்தா மாரி! எங்கன போயி நிக்க? ஒங்கய்யா தலமாட்டு வெளக்குக்கு எண்ண ஊத்தணும்லா?”

முன்வீட்டில் இருந்து வெள்ளைத்தாய் அத்தை கூப்பிட்டாள். இறந்துபோன கருப்பணனுக்கு அவள் ஒரே தங்கை.

“இந்தா வாரேன் அத்தை.”

முந்தானையில் கையைத் துடைத்தாள். துப்பாக்கி எண்ணெயின் வாடை போகவில்லை. அய்யாவின் சட்டையிலும் தலையணையிலும் இருந்த வாடை அது.

கருப்பணன் விடிகிற நேரத்தில் போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குத் திணறிக்கொண்டே கிடந்தவர், கண்ணைத் திறந்து மகளைப் பார்த்துக் கேட்டார்: “பன்னி எறங்குச்சா?” வைப்பாற்றுப் பக்கத்துக் கொல்லையில் பன்றிகள் இறங்கி, பால் பிடித்த சோளத்தை ஒரு பாத்தி முழுக்கச் சாய்த்துவிட்டுப் போயிருந்தன. “இல்லய்யா, ஒண்ணும் வரல” என்றாள். “சரி” என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை.

விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது அவள் சுவரைப் பார்த்தாள். அய்யாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கு நேர் மேலே இரண்டு ஆணிகள் மொட்டையாக நின்றன. அவற்றுக்கு இடையே மட்டும் சுண்ணாம்பு அழுக்கேறாமல், நீளமாக, துப்பாக்கியின் வடிவத்திலேயே வெளுத்துக் கிடந்தது. இதை யோசிக்கவில்லையே என்று நினைத்தாள். ஒரு காலண்டரையாவது மாட்டியிருக்கலாம்.

வெயில் ஏறும்போது தம்பி ஜெயபாண்டி சிவகாசியில் இருந்து வந்து சேர்ந்தான். பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிவிடுகிற வேலை அவனுக்கு. அய்யாவின் காலைப் பிடித்து அழுது முடித்துவிட்டு, வண்டியில் கட்டிக்கொண்டு வந்திருந்த சாக்கை இறக்கி வாசல் ஓரத்தில் நிழலாக வைத்தான். பாடை கிளம்பும்போது போடுவதற்கு வெடி.

அவனுக்குப் பின்னாலேயே சங்கிலிமுத்து வந்தார். கருப்பணனும் அவரும் ஒரே நாளில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் நின்றவர்கள், ஒன்றாகவே ஊர் திரும்பியவர்கள். பெட்டியில் வைத்திருந்த பட்டாளத்துத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடி மூடிக்கு முன்னால் நின்று, கையைத் தூக்கி விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். கையை இறக்கியவர் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார்.

“துப்பாக்கி எங்க தாயி?”

மாரிச்செல்வி விளக்கின் திரியைத் தூண்டினாள்.

“ஒன்னயத்தான கேக்கேன். எவன் முந்திப் போனாலும் மத்தவன் ஒரு வேட்டுப் போடணும்னு எனக்கும் ஒங்கய்யாவுக்கும் பேச்சு. அதிகாரியா செத்தா சர்க்காரே வந்து வானத்தப் பாத்துச் சுடுவான். நாங்க சோத்துத் தட்டத் தூக்கிட்டு நின்ன சிப்பாய்ங்க. எங்களுக்கு நாங்கதான் சுட்டுக்கிடணும்.”

“பெறகு பாக்கலாம் மாமா. மொதல்ல காப்பி குடிங்க.”

அவள் அடுப்படிக்குப் போய் நின்றாள். பாத்திரத்தைத் தொட்டாள், மூடினாள். அந்தத் துப்பாக்கியின் குழல் அடைத்திருக்கிறது. அதில் தோட்டாவைப் போட்டு ஒருவன் விசையை இழுத்தால் குண்டு வானத்துக்குப் போகாது. இழுத்தவன் முகத்திலேயே வெடிக்கும். அது அடைத்திருக்கிறது என்று இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அடைத்து வாங்கி வந்தவள் அவள்.

பட்டாளத்தில் தோளில் போட்டுத் திரிந்த அதே ரகம் அது. த்ரீ நாட் த்ரீ என்பார் அய்யா. ஊர் திரும்பிய புதிதில் ஒரு பெரிய வீட்டில் இருந்து முறையாக விலைக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் எந்த அதிகாரியோ லைசென்சும் எழுதிக் கொடுத்துவிட்டார். தேர்தல் வரும்போதெல்லாம் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை புதுப்பிக்கப் போனபோது விருதுநகரில் நிறுத்திவிட்டார்கள்.

திங்கள்கிழமை தோறும் மனுக்கொடுக்க அய்யாவோடு அவளும் போனாள். திருத்தங்கல் அச்சாபீசில் பட்டாசு லேபிள் அறுக்கிற வேலைக்கு அன்றைக்கு லீவு சொல்லிவிடுவாள். கலெக்டர் ஆபீசில் இருந்தவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

“ஐயா, இது ராணுவத்துல பயன்படுத்துன ரகம். தடை செஞ்ச பட்டியல்ல இருக்கு. எங்க கையில ஒண்ணும் இல்ல, டெல்லிதான் முடிவு பண்ணணும். ஒப்படைச்சிருங்க. இல்லன்னா குழல அடைச்சு, சர்ட்டிபிகேட் வாங்கி, வீட்ல அழகுக்கு மாட்டிக்கலாம்.”

“அழகுக்கா?” என்றார் அய்யா. “ஏன்யா, பட்டாளமே அதத் தூக்கிப் போட்டு எம்புட்டுக் காலமாச்சு? பட்டாளத்துக்கு ஆகாதது, எங்கிட்ட இருந்தா மட்டும் ஆபத்தா? எங்கூரச் சுத்திக் குடோன் குடோனா வெடிமருந்து கெடக்கு. அதுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கு. வெடிச்சு நாலு வீட்ல எழவு விழுந்தாலும் மறுவருசம் புதுப்பிக்கிய. எந்துப்பாக்கி இத்தன வருசத்துல ஒரு மனுசன் மேல தூசி போட்டிருக்கா?”

“நான் சட்டம் எழுதலையேயா.”

“நீரு எழுதல. எழுதுனவன் எங்கன இருக்கான்னு சொல்லும், அங்கன போறேன்.”

பஸ்ஸில் வரும்போது ஆர்.ஆர். நகர் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அடைச்சா அது துப்பாக்கி இல்ல தாயி, ஒலக்க. ஒலக்க நம்ம வீட்ல ஏற்கெனவே ரெண்டு கெடக்கு.”

ஒப்படைக்கக் கொடுத்த கெடு முடிந்தால் ஸ்டேஷனில் இருந்து வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கேஸும் வரும் என்று அந்த அதிகாரி தனியாக அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அய்யா கொடுக்க மாட்டார். வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். இந்த வயதில் அவரைக் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த ஆணிகள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு அவர் சாப்பிடுவார், தூங்குவார் என்றும் தோன்றவில்லை.

அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த சமயத்தில் அவள் காரியத்தை முடித்தாள். ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு காகிதமாக நீட்டிக் கையெழுத்து வாங்கினாள். மதுரைத் துப்பாக்கிக் கடைக்காரர் குழலை அடைத்துக் கொடுத்தார். “வாயில தெரியாதும்மா. உள்ள தள்ளித்தான் அடைச்சிருக்கேன்” என்றார், ஏதோ சலுகை செய்தவர்போல.

கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பிய அய்யாவிடம், “லைசென்ஸ் குடுத்துட்டாகய்யா. தோட்டா மட்டும் இனிமே தர மாட்டாகளாம்” என்றாள்.

அவர் சுவரில் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை.

“சரி” என்றார்.

அதற்குப் பிறகு அவர் விருதுநகருக்குப் போகவில்லை. சட்டத்தைத் திட்டவும் இல்லை. தோட்டா என்று பேச்சே எடுக்கவில்லை. பன்றி இறங்கினால் ஜெயபாண்டி கொடுத்த வெடியைப் பற்ற வைத்துக் கொல்லைக்குள் எறிவார். வெள்ளிக்கிழமை ஆனால் பழையபடி துப்பாக்கியை இறக்கி எண்ணெய் போட்டுத் துடைப்பார். முன்பெல்லாம் முன்வீட்டில் நடுவே உட்கார்ந்து செய்வது, இப்போது பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. கண்ணில் வெளிச்சம் படக்கூடாது என்பதற்காக என்று நினைத்துக்கொண்டாள்.

“யக்கா!”

ஜெயபாண்டியின் குரல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் இருந்து வந்தது. பந்தலில் விரிக்கச் சாக்கு எடுக்கப் போனவன். மாரிச்செல்வி ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது துப்பாக்கி அவன் கையில் இருந்தது. சங்கிலிமுத்து அவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“இத ஏன் இங்கன சொருகி வச்சிருக்க?”

“கூட்டமா இருக்குல்ல. யாராச்சும் பாத்துச் சொல்லிட்டா…”

“யாருகிட்டச் சொல்லுவான்?” என்றார் சங்கிலிமுத்து. “ஒரு வேட்டு. அது போய் மேகத்துல விழப்போகுது. செத்தவனத் தூக்கி உள்ள வைக்கப் போறாகளா? ஏலே ஜெயபாண்டி, நீ கொண்டாந்தது என்ன, சரவெடியா?”

“சரமாக் கட்டக் கூடாதுன்னு கோர்ட்ல சொல்லிட்டாக மாமா. உதிரிதான். ஒத்தை ஒத்தையா வச்சுக்கிடலாம்.”

“நல்லாருக்குடா. ஊரே வெடி செய்யுது, ஊர்க்காரன் செத்தா எண்ணி எண்ணிப் போடணும். இங்கன குடு அத.”

துப்பாக்கி அவர் கைக்குப் போனதும் அவருடைய முதுகு நிமிர்ந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“தோட்டாவுக்கு எங்க போவீக?” என்றாள் மாரிச்செல்வி.

“போவானேன்? அவன் ஒண்ணு பத்திரமா வச்சிருக்கான். இந்தா, கட்டைக்கு அடியில பித்தள மூடி இருக்கு பாத்தியா? எண்ண புட்டியும் கயிறும் வைக்கிற பொந்து. அதுல கெடக்கும். நீ முந்துனா எனக்கு, நான் முந்துனா ஒனக்குன்னு என் கண்ணு முன்னாடிதான் போட்டான்.”

முன்வீட்டில் கொட்டுக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். இனிச் சொல்லாமல் முடியாது. தம்பி என்ன சொன்னாலும் சரி, அய்யாவைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் என்ன சொன்னாலும் சரி.

“மாமா, சுடாதீக. அந்தக் கொழல் வந்து… நாந்தான் மாமா…”

அவர் கட்டைவிரல் நகத்தால் மூடியைத் தள்ளித் துப்பாக்கியைக் கவிழ்த்துத் தட்டியிருந்தார். எண்ணெய்ப் புட்டி அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு குச்சி வந்து தரையில் விழுந்து உருண்டது. வேறு ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினார். விரலை விட்டுத் துழாவினார்.

“எங்கடா தோட்டா?” என்றார், கருப்பணனிடமே கேட்பதுபோல. “கயிறும் இல்லையே. கொழலுக்குள்ள விட்டு இழுக்குற கயிறு எங்க தாயி?”

அவளுக்கு அந்தக் கயிறு எங்கே என்று தெரியும். ஆட்டுக்கொட்டில் படலைக் கட்டியிருக்கிறது. காலையிலும் அதை அவிழ்த்துத்தான் ஆடுகளை வெளியே விட்டாள். நல்ல கயிற்றை அய்யா இப்படிப் பாழாக்குகிறாரே என்று ஒருநாள் நினைத்ததும் உண்டு.

சங்கிலிமுத்து துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தார். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அப்படி எண்ணெய் போட்டு வைத்திருந்தார் அய்யா. குழலின் வாயை வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பின்பக்கம் ஒரு கண்ணை வைத்தார். கண்ணை எடுத்து துண்டின் நுனியால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

நெடுநேரம் பார்த்தார். மாரிச்செல்வி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன மாமா?” என்றான் ஜெயபாண்டி.

அவர் கண்ணை எடுத்தார். மாரிச்செல்வியை ஒரு தடவை பார்த்தார். தாழ்ப்பாளை மெதுவாகத் தள்ளிச் சாத்தினார்.

“ஒண்ணுமில்லடா. எனக்கு வச்சிருந்த தோட்டாவ ஒங்கப்பன் பன்னிக்குப் போட்டுத் தொலைச்சிட்டான். களவாணிப் பய.” சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியது. “போ, போயி வெடிய எடுத்து வை. நேரமாகுது.”

அவன் போனதும் துப்பாக்கியை அவளிடம் நீட்டினார்.

“எங்கன இருந்துச்சோ அங்கனயே மாட்டிரு தாயி.”

நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டார்கள். கூடப்பிறந்த தங்கையாக வெள்ளைத்தாய் அத்தை அண்ணன் காலடியில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பாடையைத் தூக்கும்போது சங்கிலிமுத்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொட்டுக்காரர்களுக்கும் முன்னால் நடந்தார். பெண்கள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

வீடு கழுவுவதற்கு முன்னால் மாரிச்செல்வி ஆணியில் மாட்டியிருந்த துப்பாக்கியை இறக்கி எடுத்துக்கொண்டு மூட்டை அறைக்குள் போனாள். குச்சி விழுந்த இடத்திலேயே கிடந்தது. எடுத்தாள். கருவேலங்குச்சி. கணு எல்லாம் சீவி, கண்ணாடித் துண்டால் வழித்து வழவழப்பாக்கி, ஒரு முனையில் அய்யாவின் பழைய வேட்டித் துணியை நூல் போட்டு இறுக்கிச் சுற்றியிருந்தது. துணியில் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. முக்கால் சாண் இருக்கும். அந்த நீளக் குழலைத் துடைக்க இது எதற்கும் காணாது.

துப்பாக்கியை மடியில் கிடத்தித் துணி சுற்றிய முனையைக் குழலின் வாயில் வைத்துத் தள்ளினாள். தடையில்லாமல் போனது. உள்ளே மெத்தென்று அடைப்பில் முட்டி நின்றது. குச்சியின் மறுமுனை, குழலின் வாயோடு வாயாக, ஒரு நெல் அளவுகூட வெளியே நீட்டாமல் அளந்து அறுத்து வைத்தாற்போல நின்றது.

கண்மாய்க்கரைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொன்று.

“ஏத்தா மாரி, வீடு கழுவத் தண்ணி கொண்டா.”

“வாரேன் அத்தை” என்றாள். குழலின் வாயில் வைத்த கட்டைவிரலை அவள் இன்னும் எடுக்கவில்லை.