நாகசாகிக்கு மூன்றாவது டிக்கெட்

நாகசாகிக்குப் போய் வரலாம் என்று என் மனைவி தொமோயே சொன்னதும் நான் செய்த முட்டாள்தனம், அதைக் கடையில் வாய்விட்டுச் சொன்னதுதான். நாட்டின் வடக்கே, அகிதா மாகாணத்து நோஷிரோவில் இருக்கும் என் முடிதிருத்தும் கடையில் ஒரு வார்த்தை விழுந்தால் மாலைக்குள் ஊரே அதைப் பேசும். இரண்டு நாள் கடையை மூடிவிட்டு, ஓர் இரவு தங்கித் திரும்புவது; திட்டம் அவ்வளவுதான். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்து போன தூரம் செண்டாய் வரைக்கும்தான். அதுவும் அவள் தங்கை கல்யாணத்துக்கு.

நாற்காலியில் சாய்ந்திருந்த யசுஜி அண்ணன் கன்னத்து நுரையோடு எழுந்து உட்கார்ந்தார். மீன்பிடிக் கப்பலில் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர்.

"நாகசாகியா? தம்பி, அது என் கையில இருக்கிற ஊருப்பா! எங்க கப்பல் அங்க போய் நின்னுருக்கு. எங்கிட்ட கேளு."

"அசையாதீங்கண்ணே, காது போயிரும்."

மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். வெட்ட முடியே இல்லை. துறைமுகத்துப் பக்கம் சாம்பொன் நூடுல்ஸ் சாப்பிடணும், கஸ்தேரா கேக் வாங்கினால் அடியில் சர்க்கரை நறநறக்கணும் என்று சொல்லிக்கொண்டே போனார். தொமோயே ஒரு கையில் துடைப்பமும் மறு கையில் போனுமாக வரைபடத்தைத் தேடிக்கொண்டே கேட்டாள்.

"இனாசா மலைக்கு எப்படிண்ணே போறது?"

"டிராம்ல ஏறி உட்காரு தங்கச்சி, உச்சியில கொண்டு போய் இறக்கிவிடும். மத்தபடி ஊரு நம்ம கடற்கரை மாதிரி சமதளம். செருப்பு தேயாது."

தொமோயே போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி பெருக்கத் தொடங்கினாள்.

கடை மூடியதும் என்னிடம் வந்தாள். "அவரு அந்த ஊருக்குப் போனதே இல்லங்க. மலைக்குப் போறது டிராம் இல்ல, கம்பியில தொங்குற வண்டி. வீடெல்லாம் படிக்கட்டுக்கு மேல படிக்கட்டா ஏறி நிக்குது, பாருங்க. ஒரு தடவ நடந்தவன்கூட அத மறக்க மாட்டான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கடைக்கே வந்து என் கத்தியைக் குறை சொல்கிறவர் அவர். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் மாட்டிவிடுறேன் பாரு!"

"வாயத் திறந்தீங்க, நான் தனியாப் போயிருவேன்."

மறுநாள் கூட்டம் கலையும்வரை காத்திருந்து அவருக்குத் தேநீர் ஊற்றினாள். "அண்ணே, இன்னொரு டிக்கெட்டும் சேர்த்துப் போடப்போறேன். எங்களுக்கு வழி தெரியாது. நீங்களும் வாங்க."

பெரியவர் முகம் சிவந்துவிட்டது. கோப்பையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, நான் அந்த மண்ணுல கால் வெச்சதில்ல. துறைமுகத்துக்குள்ள நுழையும்போதே இன்ஜின் படுத்துருச்சு. அத நிமிர்த்துறதுக்குள்ள கப்பல் கிளம்புற நேரம் வந்துருச்சு. பசங்க ஊரெல்லாம் சுத்திட்டு வந்து எனக்கு ஒரு துண்டு கஸ்தேரா குடுத்தானுங்க. அவனுங்க சொன்னதத்தான் நான் இத்தன வருஷமா..."

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றாள் தொமோயே. "அப்போ மூணு பேருக்கும் முதல் தடவ."

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தாரா, மூக்கைத் துடைத்தாரா, தெரியவில்லை.

அவர் போனதும் நான் முணுமுணுத்தேன். "ரெண்டாவது தேனிலவுக்கு இவரையுமா கூட்டிட்டுப் போவாங்க?"

"முதல் தேனிலவு எங்கங்க நடந்துச்சு?"

நான் கத்தியைத் தீட்டப் போனேன்.

அப்புறம் நடந்ததுதான் உண்மையான திட்டம் போடுதல். தினமும் சண்டை. டிராமில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போகணும் என்பாள் தொமோயே. கப்பல் கட்டும் தளத்தைப் பார்க்கணும் என்பார் அண்ணன். எனக்கு அந்த ஊர் முடிதிருத்தும் கடை ஒன்றில் முகம் மழித்துக்கொள்ள ஆசை. "ஊரு விட்டு ஊரு போய் சவரமா?" என்று இருவரும் என்னைக் கேலி செய்தார்கள். கடைசியில், எதையும் முடிவு செய்யாமல் போய் இறங்குவது என்று முடிவு செய்தோம்.

டோக்கியோவில் விமானம் மாறி, பிற்பகலில் நாகசாகியில் இறங்கினோம். டிராமைவிட்டு இறங்கிய அரை மணியில் வழி தவறி, ஒரு செங்குத்தான படிக்கட்டுத் தெருவின் நடுவில் மூச்சிரைக்க நின்றோம். கறிகாய்ப் பையோடு மேலே ஏறிவந்த ஓர் அம்மாளை மறித்து அண்ணன் எங்கள் அகிதாப் பேச்சில் வழி கேட்டார். அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் தம் ஊர்ப் பேச்சில் நீளமாகப் பதில் சொன்னார், எங்களுக்கும் புரியவில்லை. அண்ணன் இன்னும் சத்தமாகக் கேட்டார், அந்த அம்மாளும் இன்னும் சத்தமாகச் சொன்னார். தொமோயே படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்தார். பிறகு பையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் வாருங்கள் என்று கையை ஆட்டியபடி எங்களுக்கு முன்னால் படியேறினார்.